காந்தாரம் சேர்ந்துவிட்டது, தைவதம்தான் தகராறு

சர்வீஸுக்குப் போன கீபோர்டு போன வாரம் திரும்பி வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கீகளைச் சரிசெய்தவர்கள், நான் ஏற்றி வைத்திருந்த ஸ்கேல் டியூனிங் மதிப்புகளை மொத்தமாக அழித்துவிட்டார்கள். அதே மாடல் இப்போது விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டதும் இதே வாரம்தான். அதனால் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

டோன், ஸ்பீக்கர் பற்றியெல்லாம் கடைக்காரரே சொல்லுவார். கர்நாடக சங்கீதம் பாடுகிறவர் இதை வாங்க ஒரே காரணம், ஸ்கேல் டியூனிங்கில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் சென்ட் கணக்கில் தனித்தனியே ஏற்றி இறக்கலாம் என்பதுதான்.

ஒரு ஸ்தாயி, அதாவது ஷட்ஜத்திலிருந்து (ச) மேல் ஷட்ஜம் வரை, 1200 சென்ட். பொதுவாகக் கீபோர்டுகள் அதை 12 சம பங்காக வெட்டித்தான் வருகின்றன. பஞ்சமத்துக்கு (ப) இதில் பெரிய நஷ்டமில்லை. ஷட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல 3/2 மடங்கு என்ற விகிதத்துக்கு 702 வேண்டும், கீபோர்டு 700 தருகிறது. அடிபடுவது அந்தர காந்தாரம் (உயர்ந்த க). 5/4 விகிதத்துக்கு 386 போதும், கீபோர்டிலோ 400. ஒரு கட்டை (C) சுருதியில் தம்புராவை ஓடவிட்டுக் காந்தாரத்தை அழுத்திப் பிடியுங்கள். 130.8 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் கூடவே எழும் ஒலி, 654இல் தானாகவே காந்தாரமாக ஒலிக்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான். கீபோர்டின் காந்தாரம் 659இல் வந்து அதோடு மோதும். நொடிக்கு ஐந்து முறை ஒலி நடுங்குவது நன்றாகவே கேட்கும்.

14 சென்ட் இறக்குங்கள், நடுக்கம் நின்றுவிடும். அப்புறம் சங்கராபரணத்தில் அந்தக் காந்தாரத்தை நீட்டிப் பிடித்தால் தம்புராவுக்குள் அப்படியே கரைந்துபோகிறது. கீயை அழுத்தியிருக்கிறோமா என்றே சந்தேகம் வரும். கொடுத்த காசு இந்த ஒரு ஸ்வரத்துக்கே சரியாகிவிட்டது.

அடுத்தது தைவதம் (த). 5/3 விகிதம், 884 சென்ட், ஆகவே 16 இறக்கினேன். ஷட்ஜத்தோடு அருமையாகச் சேர்ந்தது. ஆனால் 9/8 ரிஷபம் (ரி) 204இல் இருக்கிறது. அங்கிருந்து தைவதத்துக்கு ஒரு பஞ்சம தூரம், 702 வர வேண்டும். வருவது 680. மோகன ராகத்தில் ரிஷபத்தையும் தைவதத்தையும் சேர்த்து அழுத்தினால் பல் கூசுகிறது. ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக் கிரக பேதம் செய்தால், அதாவது அதே ஸ்வரங்களை அங்கிருந்து எண்ணினால், மத்யமாவதி ராகம் கிடைக்க வேண்டும் இல்லையா? கிடைக்கிறது, பஞ்சமம் 22 சென்ட் இறங்கிய மத்யமாவதி!

சரி என்று தைவதத்தை 27/16க்கு, அதாவது 906க்கு ஏற்றினால் மத்யமாவதி நிமிர்ந்துவிடும். ஆனால் காந்தாரத்திலிருந்து கிரக பேதம் செய்து ஹிந்தோளம் பிடித்தால், 498இல் நிற்க வேண்டிய மத்யமம் 520இல் நிற்கும். மத்யமத்தையே நம்பி இருக்கிற ராகம் அது. அதே 22 சென்ட், இடம்தான் மாறியிருக்கிறது.

இதற்குக் கம்பெனியைத் திட்ட முடியாது. நான்கு பஞ்சமம் ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் வரும் காந்தாரம் 81/64, 408 சென்ட். தம்புரா தருவது 386. மூன்றைப் பெருக்கிக்கொண்டே போய் ஐந்தைப் பிடிக்கவே முடியாது. இடையில் விழுகிற 81/80 இடைவெளியை, அதாவது அந்த 22 சென்ட்டை, எங்காவது ஒளித்துத்தான் ஆக வேண்டும். பாடுகிறவர் தொண்டை இடத்துக்குத் தகுந்தாற்போல் தைவதத்தை நகர்த்திக்கொள்கிறது, வயலினும் அப்படியே. கீபோர்டில் 12 எண்ணுக்கு மேல் கொடுக்க வழியில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது சொன்ன குறைகளில் இந்த நிலையான சுருதியும் ஒன்று. அந்தத் தடை அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் இந்த ரிஷப தைவத ஜோடியைக் கேட்கும்போது அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

மதிப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைக்க வழி வைக்காதது மட்டும் சுத்தமாகக் கம்பெனியின் தப்பு. இரண்டு கட்டைக்கு மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து ஏற்ற வேண்டும்.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். குழந்தையின் பாட்டு வகுப்புக்கென்றால் போனில் ஒரு தம்புரா ஆப் போதும். சினிமாப் பாட்டு வாசிக்கவென்றால் இந்த வசதியே இல்லாத மலிவான மாடல் போதும். என்னுடையதைக் கேட்டால் தரமாட்டேன், அது வேறு விஷயம். நேற்று ராத்திரி மதிப்புகளைத் திரும்ப ஏற்றியாகிவிட்டது: ரிஷபம் 4 மேலே, காந்தாரம் 14 கீழே, மத்யமம் 2 கீழே, பஞ்சமம் 2 மேலே, காகலி நிஷாதம் 12 கீழே. தைவதத்தைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டேன்.