குற்றம் ஊசியில் இல்லை

போன வாரம் இசைத்தட்டு இயந்திரத்துக்குப் புது ஊசி மாற்றினேன். பழைய ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்த மெக்கானிக், "இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பாட்டுக் கேட்டீர்கள்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் முதலில் எடுத்தது பிரிட்டிஷ் பாப் பாடகி லூலூவின் 45ஐத்தான், பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு. அந்தத் தட்டோடு எனக்குப் பன்னிரண்டு ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்று நம்பினேன்.

தட்டு எது என்பது பழைய தட்டு சேகரிப்பவர்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்', லூலூவின் குரலில், 1974 ஜனவரியில் பாலிடார் நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பு போவியும் அவருடைய கிதார் கலைஞர் மிக் ரான்சனும். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. என் வழக்கு பாட்டின் மேல் அல்ல, சாக்ஸபோனின் மேல்.

அதை வாசித்தவர் போவியேதான். மூலப் பாடலில் கிதார் மெட்டு பாம்பைப் போலத் தனியாக நெளிந்து வரும். இங்கே அந்த மெட்டோடு சாக்ஸபோனும் ஒட்டிக்கொண்டு வருகிறது, சளி பிடித்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுவதைப் போல. ஊசி தேய்ந்ததால்தான் இப்படிக் கேட்கிறது என்று பல ஆண்டுகள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். புது ஊசி இறங்கியது. சளி முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது.

கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போவிக்குச் சிறு வயதில் சாக்ஸபோன் கற்றுக்கொடுத்தவர் ரானி ராஸ் என்ற நல்ல ஜாஸ் கலைஞர். 1972இல் அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடின் தொகுப்பை இதே போவியும் ரான்சனும் தயாரித்தபோது, 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாடலின் முடிவில் வாசிக்க அந்த ஆசிரியரையே அழைத்தார்கள். அந்தச் சில நொடிகள் எவ்வளவு அழகு! எங்கே யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த மனிதர், லூலூவின் பாட்டுக்கு மட்டும் தானே கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடும் நிற்கவில்லை, பின்னணிக் குரலும் அவருடையதுதான். தயாரிப்பாளர் என்றால் பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டாமா? கல்யாண வீட்டில் சமையலை மேற்பார்வை பார்க்க வந்தவர் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிட்ட கதை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அப்போது லூலூவின் நிலை என்ன? பதினைந்து வயதில் 'ஷவுட்' பாடிப் பிரபலமான கிளாஸ்கோ பெண். 1967இல் 'டு சர், வித் லவ்' அமெரிக்காவில் முதலிடம். 1969இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் நான்கு நாடுகள் சேர்ந்து வென்றபோது அதில் ஒருவர். அதன் பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிரிட்டனின் முதல் பத்தில் அவர் பெயர் இல்லை. சனிக்கிழமைத் தொலைக்காட்சியின் சிரித்த முகமாக அவர் மெல்ல உறைந்துகொண்டிருந்தார். 1973 ஜூலையில், லண்டன் ஹாமர்ஸ்மித்தில் சிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற தன் மேடை வேடத்தைக் கலைத்த கையோடு, போவி பிரான்சின் ஷாட்டோ டெரூவில் மாளிகையில் 'பின் அப்ஸ்' தொகுப்புக்காகத் தங்கியிருந்தார். அந்த வேலைக்கிடையே, அதே ஆட்களை வைத்து இதையும் பதிவுசெய்தார்கள். ரான்சனின் கிதார், ட்ரெவர் போல்டரின் பாஸ், ஐன்ஸ்லி டன்பாரின் டிரம்ஸ், மைக் கார்சனின் பியானோ. இப்படி ஒரு கூட்டம் அப்போது எந்தப் பாப் பாடகிக்கு வாய்த்தது?

குரலில் கரகரப்பு வேண்டும் என்பதற்காக இன்னும் சிகரெட் பிடிக்கும்படி போவி சொல்லிக்கொண்டே இருந்தாராம். லூலூவே பேட்டியில் சொன்னது. புது ஊசி எனக்குத் தந்த பரிசு இந்தக் கரகரப்புதான். முன்பு எனக்குச் சத்தமான குரலாக மட்டுமே கேட்டது. இப்போது சொற்களின் ஓரம் லேசாகக் கிழிந்திருப்பது தெரிகிறது. போவியின் மூலத்தில் பாடுகிறவன் தன்னையே மாடிப்படியில் சந்தித்து வெலவெலத்துப்போகிறான். லூலூவோ அதே ஆளை மாடிப்படியில் நிறுத்திக் கணக்குக் கேட்கிறார். தொலைக்காட்சியில் ஆண்களின் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றபோதும் அதே தோரணைதான். பாட்டின் பொருளை இப்படித் திருப்பிப் போட்டது பெரிய காரியம். வீட்டுக்கு வருகிறவர்கள் மட்டும், "இது நிர்வாணா பாட்டு அல்லவா?" என்கிறார்கள். அந்த அமெரிக்க ராக் குழு பாடியது இருபது ஆண்டுகள் பிந்தி வந்த பதிவு. திருத்திச் சொல்லி வாய் வலிக்கிறது.

பின்பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே இருப்பது 'வாட்ச் தட் மேன்'. தன் 'அலாடின் சேன்' தொகுப்பில் அந்தப் பாடலுக்குப் போவி தன் குரலைக் கிதாருக்கும் பியானோவுக்கும் அடியில் புதைத்து வைத்திருப்பார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் பாதிச் சொற்கள் பிடிபடாது. லூலூவுக்காக அதே பாடலைச் செய்தபோது குரலை மேலே கொண்டுவந்து வைத்திருக்கிறார். பாட்டில் இத்தனை சொற்கள் இருக்கின்றன என்பதே எனக்கு இந்தத் தட்டில்தான் தெரிந்தது. முன்பக்கத்தில் முண்டியடித்தவர் இங்கே ஒதுங்கி நிற்கிறார். ஒதுங்கத் தெரிந்தவர்தானே? பிறகு ஏன் அந்த சாக்ஸபோன்?

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு நண்பரின் கேள்வி. பழைய தட்டுக் கடையில் நல்ல நிலையில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். வாங்கலாமா என்று கேட்டார். பாடகி அருமை, வாத்தியக்காரர்கள் அருமை, பின்பக்கம் அதைவிட அருமை என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றேன். குழம்பிப்போனவர், அப்படியானால் கேட்டுப் பார்க்க என் தட்டையாவது இரண்டு நாள் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். பின்பக்கத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.