திருவல்லிக்கேணி பழைய பத்திரிகைக் கடை: அவசியம் போங்கள்

பெரிய பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போன சனிக்கிழமை போயிருந்தேன். எகிப்தில் பிறந்த இஸ்லாமிய மார்க்க அறிஞர் யூசுஃப் அல் கர்ளாவி பற்றி வந்த இதழ்கள் வேண்டும் என்றதும் கடைக்கார பாய் சணல் கட்டிய கட்டு ஒன்றை இறக்கித் தூசு தட்டி, "உட்கார்ந்து படிங்க தம்பி, வாங்கணும்னு இல்ல" என்றார்.

2004இல் கர்ளாவி லண்டன் போனபோது மேயர் கென் லிவிங்ஸ்டன் வரவேற்றார். அதைப் பற்றி அந்தக் கட்டில் ஒரு தாளில் கர்ளாவி மிதவாதி, அடுத்த தாளில் தீவிரவாதி. செப்டம்பர் 11 தாக்குதலை அவர் கண்டித்ததை ஒருவர் பெரிதாகப் போட, இஸ்ரேலில் பாலஸ்தீனர்கள் நடத்திய தற்கொலைத் தாக்குதல்களை அவர் நியாயப்படுத்தியதை மட்டும் இன்னொருவர் போட்டிருக்கிறார். இரண்டுமே அவர் சொன்னதுதான்! இரண்டாவதை என்னால் ஏற்கவே முடியாது, ஆனால் பாதியை மறைத்துவிட்டு மனிதரைப் புரியவைத்துவிட்டோம் என்பது வாசகனுக்குச் செய்யும் துரோகம். 2008இல் பிரிட்டன் அவருக்கு விசா மறுத்தபோதும் இதே கதைதான்.

தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருப்பதுதான் இந்தக் கடையின் பெரிய பலம், அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தது. வெளிச்சம் மட்டும் போதாது. நான்கு இதழ்கள் வாங்கினேன், நியாயமான விலை. அப்புறம், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.