சுண்ணாம்பா, இறாலா, மீனா? தொட்டிக்குள் முளைக்கும் கடற்சாமந்திக் களை

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வர ஆறு நாள் ஆனது. அன்றைக்கு நாகர்கோவிலில் பாதி வீட்டுக் கதை அதுதான். என் நாலடி உப்புநீர்த் தொட்டியில் மோட்டார் நின்று, தண்ணீர் நாறி, இரண்டு கோமாளி மீனும் ஒரு இறாலும் போய்ச் சேர்ந்தன. ஏழாம் நாள் கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கழுவினேன். ஒரு பொந்துக்குள் சுண்டுவிரல் நகம் அளவில் பழுப்பாக ஒன்று கையை விரித்துக்கொண்டு நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதுதான் ஐப்டேசியா. கல்லில் ஒட்டி வளரும் ஒரு கடற்சாமந்தி, பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் பிராணி. மீன் செத்த தண்ணீரில் உயிரோடு இருந்த ஒரே ஆள். பாவம் பார்த்து விட்டுவிட்டேன். தொட்டியை மறுபடி ஓட்டி ஒரு வருடம் ஆவதற்குள் எண்ணிப் பார்த்தால் அறுபதுக்கு மேல். அதற்குப் பிறகு நான் செய்துபார்த்தவை, நண்பர்கள் செய்து கையைச் சுட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரியவேண்டும். தொட்டியில் தொல்லை தரும் கடற்சாமந்தி பெரும்பாலும் இரண்டு வகை. ஐப்டேசியாவுக்கு நீளமான ஒல்லித் தண்டு, நுனி கூராக முடியும் கண்ணாடி மாதிரியான கைகள். தொட்டால் கண் இமைக்குமுன் பொந்துக்குள் போய்விடும். மஜானோ கட்டை குட்டையாக இருக்கும். கையின் நுனி உப்பி, பச்சையோ ஊதாவோ கலந்து, பார்க்க அழகாகவே இருக்கும். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் இதை, கோமாளி மீன் குடியிருக்கும் நல்ல சாமந்தியின் குட்டி என்று நம்பி மூன்று மாதம் நெத்திலி நறுக்கி ஊட்டி வளர்த்தார். அவர் கண்ணில் உண்மை படும்போது அது பதினான்கு ஆகியிருந்தது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஐப்டேசியாவைத் தின்னும் பிராணிகளில் பல மஜானோவை முகர்ந்துகூடப் பார்க்காது. ஆளைத் தெரியாமல் இறால் வாங்கினால் காசு தண்டம்.

இரண்டுக்கும் பொதுவான குணம், வெட்ட வெட்டப் பெருகுவது. ஐப்டேசியா கல்லில் நகரும்போது அடிப்பாதத்தின் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் தனிச் சாமந்தியாகும். ஆரம்பத்தில் நான் பழைய பிளேடை வைத்துச் சுரண்டினேன். அன்று இரவு கல் பளிச்சென்று இருந்தது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் கடுகு தூவியது போல முளைத்திருந்தது. ஆகவே பிளேடு, இடுக்கி, நகம் மூன்றையும் போட்டியிலிருந்து விலக்கிவிடுகிறேன். சூப்பர் குளூ வைத்து மூடுவதும் இந்த ரகம்தான். பசையின் ஓரத்தில் இண்டு கிடைத்தால் வெளியே வந்துவிடும்.

வெற்றிலைச் செல்லத்து வைத்தியம்

வெளிநாட்டுப் பவளத்தொட்டிக்காரர்கள் கால்க்வாசர் என்று ஒன்றைக் கொண்டாடுவார்கள். ஜெர்மன் சொல். பொருள், சுண்ணாம்புத் தண்ணீர். தொட்டியில் கால்சியம் குறையாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிவைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதையே கெட்டியாகக் குழைத்துச் சாமந்தியின் வாயில் வைத்தால் காரத்தில் வெந்து போகும். கால்சியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில் கரைந்து தெவிட்டினால் அதன் பிஎச் 12-க்கு மேல். நம் தொட்டி இருக்கவேண்டியது 8.1-இலிருந்து 8.4-க்குள்.

இதைப் படித்ததும் எனக்குப் பாட்டியின் வெற்றிலைச் செல்லம்தான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "ஏல மக்கா, மீனுக்கு வெத்தல மடிச்சுக் குடுக்கப் போறியா?" என்றார் பாட்டி.

வேலை செய்தது. ஆனால் எந்தச் சுண்ணாம்பு என்பதில் கவனம் வேண்டும். கடையில் விற்கும் டியூபில் சிலது ரோஸ் நிறத்தில், வாசனை சேர்த்து வரும். அது வேண்டாம். எதுவும் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். கெமிக்கல் கடையில் உணவுத் தர கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, நான் இப்போது அதற்கு மாறிவிட்டேன். திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு உதவாது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்து அது வெறும் கல்மாவாகிவிடும். காரம் இறங்கிப் போனதை வெற்றிலை போடுகிறவர்களின் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். சாமந்தியும் அப்படித்தான், பேசாமல் நின்றுகொண்டிருக்கும்.

செய்முறை இது. பொடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் 5 மில்லி சிரிஞ்சும் பருமனான ஊசியும் வாங்கி, ஊசி முனையைத் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். குத்துவதற்கு அல்ல, ஊட்டுவதற்கு. எல்லா மோட்டாரையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கட்டும். ஊசியை மேலிருந்து இறக்கினால் நிழல் பட்டு உள்ளே போய்விடும். பக்கவாட்டில், மெதுவாக, கைகளுக்கு நடுவே உள்ள வாய்த்தட்டுக்கு ஒரு நூல் மேலே கொண்டுபோய் ஒரு பருக்கை அளவு விடுங்கள். இரை என்று நினைத்துக் கைகள் மடங்கி அதை உள்ளே இழுக்கும். அந்த இரண்டு வினாடி எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சுருங்கத் தொடங்கியதும் மேலே இன்னொரு உருண்டை வைத்துப் பொந்தோடு மூடிவிடவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மோட்டாரைப் போடலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் ஆசை வரும். நான் செய்தேன். இருநூறு லிட்டர் தண்ணீரில் ஒரே மாலையில் முப்பதுக்கு ஊட்டினேன். பிஎச் எகிறி, புதிதாக வாங்கிய மீன்கள் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டன. அன்று முதல் ஒரு நாளைக்கு ஆறு, ஏழோடு நிறுத்திக்கொள்கிறேன். கண்ணாடி போடாமல் சிரிஞ்சைத் தொடுவதும் இல்லை. அடைத்துக்கொண்ட ஊசியை அழுத்தினால் சுண்ணாம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இதே வேலைக்கென்று செய்த மருந்துகளும் இருக்கின்றன, ரெட் ஸீயின் ஐப்டேசியா-எக்ஸ் மாதிரி. ஊசியோடு வரும், பதம் சரியாக இருக்கும், அடைக்காது. கைப்பக்குவம் இல்லாதவர்களுக்கு நல்லது. எனக்குச் சுண்ணாம்புக்கும் அதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விலையில் தெரிந்தது.

எலுமிச்சைச் சாறு, வினிகர், கொதிநீர் மூன்றும் இதற்கு ஏழைச் சொந்தக்காரர்கள். இவற்றை வாயில் வைத்தால் தண்ணீரோடு ஓடிவிடும், தண்டுக்குள் ஊசி இறங்கவேண்டும். நடுங்கும் கைக்கு அது நடக்காது. குறி தவறினால் கிழிந்து, கிழிந்தது முளைக்கும். கையில் எடுக்கக்கூடிய சிறு கல்லில் ஒன்றிரண்டு இருந்தால் மட்டும் முயலலாம்.

"கல்லையே எடுத்துப் பானையில் போட்டுக் கொதிக்க வை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கல்லில் ஜோவாந்திட் (பொத்தான் மாதிரிக் கொத்தாக வளரும் பவளத்தின் உறவுக்கார உயிர்) ஒட்டியிருந்தால் அவற்றில் சிலவற்றிலுள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். இப்படிக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. கல்லைத் துறந்தே ஆகவேண்டும் என்றால் வெயிலில் வாரக்கணக்கில் காயப்போடுங்கள்.

தின்கிற ஆட்கள்

சுண்ணாம்புக்குக் கை எட்டவேண்டும், கண் பார்க்கவேண்டும். கல்லின் பின்பக்கம் முளைத்தவற்றை என்ன செய்வது? இங்கேதான் பெப்பர்மிண்ட் இறால் வருகிறது. இரவில் இறங்கி வேலை பார்க்கும். சின்னச் சாமந்திகளை நன்றாகத் தின்னும், பெரியதைக் கண்டால் ஒதுங்கும். மூன்று நான்காக விடவேண்டும், முக்கியமாக அவற்றுக்குப் பசிக்கவேண்டும். நாம் போடும் தீனியிலேயே வயிறு நிறைந்தால் அவை சாமந்திப் பக்கம் போவானேன்?

என் முதல் அனுபவம் வேறு மாதிரி. வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து நான்கு இறால் பார்சலில் வரவழைத்தேன். இரண்டு வாரத்தில் சாமந்தி அப்படியே இருந்தது, என் ஜோவாந்திட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. குளச்சலில் இருந்து வந்த தம்பி ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்த உடனே சிரித்தான். "அண்ணே, முதுகு கூனியிருக்க பாத்தியளா? இது ஒட்டக இறாலுல்லா." அவன் சொன்னது சரி. பெப்பர்மிண்டின் உடல் கண்ணாடி போல, நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள். ஒட்டக இறாலுக்குத் தடித்த சிவப்பும் வெள்ளைக் கோடும் புள்ளியும், பெரிய கண், கூன் முதுகு. அது ஐப்டேசியாவைத் தின்னாது, மெல்லிய பவள வகைகளைத் தின்னும். கடைக்காரரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகுதான் இப்போது பணம் கட்டுகிறேன். இரண்டாவது தடவை சரியான இறால் வந்தது. ஒன்றரை மாதத்தில் கல்லின் பின்பக்கம் சுத்தம். முன்னால் நின்ற ஆறு கிழட்டுச் சாமந்திகளை அவை கண்டுகொள்ளவில்லை, அவற்றுக்குச் சுண்ணாம்புதான் போனது.

காப்பர்பேண்ட் என்கிற மஞ்சள் பட்டை வண்ணத்துப்பூச்சி மீனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. நீண்ட மூக்கால் பொந்துக்குள் இருப்பதைக் கொத்தித் தின்னும், பார்க்கக் கொள்ளை அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிடித்து வந்தவற்றில் பல, தொட்டித் தீனியைத் தொடாமல் பட்டினியில் மடிகின்றன. என்னுடையது மாதிரி நாலடித் தொட்டி அதற்குச் சிறை. ஐப்டேசியா தீர்ந்த பிறகு என்ன போடுவீர்கள்? நம் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. கடியப்பட்டணம் பக்கம் பாறையில் குளித்தெடுக்கும் சிப்பி கிடைக்கும் காலத்தில், ஓட்டைத் திறந்து பாதி ஓட்டோடு தொங்கவிட்டால் முரண்டு பிடிக்கும் மீனும் கொத்தத் தொடங்கும். கடல் பொங்கும் ஆனி, ஆடியில் சிப்பிக்கு எங்கே போவது? களை பிடுங்க ஆள் வைத்து, ஆளுக்குச் சோறு தேடி நாம் அலைவோம். ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ் இதைவிடத் தீனிக்கு இலகுவானது, சிறு தொட்டியிலும் இருக்கும். பவளத்தையும் கடித்துப் பார்க்கும் என்பதுதான் சிக்கல்.

பெர்கியா என்கிற ஓடில்லாக் கடல் நத்தைதான் சாமந்திக்கென்றே பிறந்தது. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. அதன் கொட்டும் செல்களை விழுங்கித் தன் முதுகு இழைகளில் ஆயுதமாக வைத்துக்கொள்ளும் சாமர்த்தியசாலி. வெள்ளை நூல் சுருளாக முட்டையிடும். ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு மெதுவாக, பெருகிப் பெருகி, ஒன்றுகூட விடாமல் துடைத்துவிடும். தீர்ந்ததும் பட்டினியில் சாகும். தாளில் பார்த்தால் இதை வெல்ல ஆளில்லை. நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை, வரவழைத்தாலும் பார்சல் வண்டியின் சூட்டில் உயிரோடு வருவது அதிர்ஷ்டம். பெப்பர்மிண்ட் இறால் இருக்கும் தொட்டியில் விட்டால் இறாலுக்கு விருந்து. இரண்டையும் சேர்த்து வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

என் கணக்கு

இருபது இருபத்தைந்துக்குள், கை எட்டும் இடத்தில் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்பு. மஜானோவாக இருந்தால் எண்ணிக்கை எதுவானாலும் சுண்ணாம்பு, பொறுமை. தொட்டி முழுக்க ஐப்டேசியா பரவிவிட்டது என்றால் சரியான பெப்பர்மிண்ட் நான்கைந்து, பெரியவற்றுக்கு மட்டும் சிரிஞ்ச். மீன் வாங்க வேண்டாம்.

எதைச் செய்தாலும் தீனியைப் பாதியாக்குங்கள். ஐப்டேசியாவின் பழுப்பு நிறம் அதற்குள் வாழும் நுண்பாசியால் வருவது. வெளிச்சத்திலிருந்து அது சமைத்துக் கொடுக்கும், மிச்சத்துக்கு நாம் போடும் தீனி. நான் தினம் இரண்டு வேளை போட்டதை ஒரு வேளையாக்கியபோது புது முளை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. அந்த அறுபதில் நாற்பது நான் ஊட்டி வளர்த்தவை என்றே இப்போது நினைக்கிறேன்.

புதிதாகக் கல் தேடுகிறவர்களுக்கு ஒன்று. கடலில் பவளக்கல்லைப் பெயர்த்து எடுக்கப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் 2001 முதல் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே இடம். காய்ந்த கல்லோ சிமெண்டில் செய்த கல்லோ போதும், அதில் களையும் வராது. எனக்கு ஐப்டேசியா வந்தது கல்லில் அல்ல, ஆசைப்பட்டு வாங்கிய ஜோவாந்திட் துண்டின் அடியில். இப்போது எது வந்தாலும் ஒரு மாதம் தனி வாளியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறேன். களை பிடித்த கல்லை வெறுத்துப்போய்ச் சொத்தவிளைக் கடலில் வீசுவதும் கூடாது. காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

இன்றைய நிலவரம், தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டிக்குள் மூன்று. சிரிஞ்ச் எட்டாது, இறால் போகாது. அவற்றில் ஒன்று ஒக்கியைப் பார்த்ததன் வாரிசாக இருக்கவேண்டும். வாரம் ஒரு முறை எண்ணுகிறேன். நாலாவது வந்தால் பெட்டியைக் கழற்ற வேண்டியதுதான்.