புறாவோடு மல்லுக்கட்டி நாலு வருஷம்: எது நின்றது, எது போனது

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட ஆறே மாதத்தில் அதன் அடியில் புறாக்கள் குடித்தனம் வந்துவிட்டன. நிழல், மழை படாத இடம், பருந்து நுழைய முடியாத இடுக்கு. புறாவாகப் பிறந்திருந்தால் நானும் அங்கேதான் குடியேறியிருப்பேன்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எச்சம்தான் பிரச்சினை. தூசி மழையில் போய்விடும். காய்ந்து ஒட்டிய எச்சம் அவ்வளவு சுலபத்தில் போகாது. பேனலில் உள்ள சதுரத் துண்டுகளில், அதாவது செல்களில், ஒன்றை அது மறைத்தாலும் அந்த இடம் மட்டும் சூடேறும், மின்சாரமும் குறையும்.

முதல் வருஷம் முழுக்க விரட்டுகிற சாமான்களாக வாங்கித் தள்ளினேன். பிளாஸ்டிக் ஆந்தைக்கு ஒரு வாரம் மரியாதை இருந்தது. பத்தாம் நாள் அதன் தலையிலேயே ஒரு புறா. பளபளக்கும் ரிப்பன் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது. மீயொலிக் கருவி சுத்த ஏமாற்று: நமக்குக் கேட்காத அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது என்பதை வாங்கிய பிறகுதான் படித்தேன். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் ஒட்டிய முள் பட்டையில் சுள்ளியைச் செருகிக் கூடே கட்டிவிட்டன. அஸ்திவாரம் என் செலவு.

கடைசியில் கம்பி வலைக்கு வந்தேன். புறாவை மட்டும் தடுக்க 50 மி.மீ. கண் போதும். மைனாவுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 19. எங்கள் மாடியில் மூன்றும் உண்டு என்பதால் அரை அங்குலக் கண் எடுத்தேன். பேனல் சட்டத்தில் துளை போடக் கூடாது, வாரண்டி போய்விடலாம். சட்டத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் கிடைக்கின்றன, அவைதான் சரி.

வலையை வாங்கி வைத்துவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். உள்ளே முட்டை. பொரிய 18 நாள் போல, குஞ்சு பறக்க அதன்மேல் ஒரு மாதம். இதில் ஒரு சிக்கல், முதல் குஞ்சுகள் கிளம்பும் முன்பே புறா அடுத்த முட்டையை இட்டுவிடும். காலையும் மாலையும் குனிந்து பார்த்து, கூடு காலியான அன்றே அடைத்தேன். பார்க்காமல் அடைத்திருந்தால் குஞ்சு உள்ளேயே செத்து நாறியிருக்கும். பழைய எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், அதில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழித்தெடுங்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஜோடி திரும்ப உள்ளே வந்துவிட்டது. வயர் இறங்கும் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு நான் விட்டிருந்த இடைவெளி! வலையின் தரத்தைவிட மூலைகள் முக்கியம் என்று அன்று புரிந்தது. பழைய கூட்டின் காய்ந்த சுள்ளி வயரோடு பின்னிக் கிடந்ததைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒரு தீப்பொறி போதும்.

இப்போதைய நிலவரம்: கம்பி வலை உறுதியாக இருக்கிறது, வெட்டிய முனைகளில் மட்டும் துரு. மறுபடி செய்தால் துருப்பிடிக்காத எஃகுதான். வலையைக் கட்டிய வெள்ளை பிளாஸ்டிக் டை (கட்டும் பட்டை) எல்லாம் ஒரே வெயில் காலத்தில் பொடிந்துவிட்டது, அந்த இடங்களில் கட்டுக்கம்பி முறுக்கினேன். படிக்கூரை ஓரத்து நைலான் வலை மூன்றாம் வருஷம் தொய்ந்தது. தொய்ந்த வலையில் பறவை சிக்கும் என்பதால் கழற்றிவிட்டேன். பேனலின் தாழ்ந்த பக்கத்தில் சருகு சேர்ந்து தண்ணீரை மறிக்கும், மழைக்கு முன்னால் வழித்துவிட வேண்டும். ஏசி யூனிட்டில் சுவருக்கும் அதற்கும் நடுவே உள்ள பக்கவாட்டு இடுக்கை மட்டும் வலையால் மூடினேன். பலகை வைத்து அடைத்தால் பின்னாலிருந்து காற்று இழுக்க முடியாமல் யூனிட் திணறும்.

புறாக்கள் இன்னும் வருகின்றன, தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்து போகின்றன. அதற்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் போன வாரம் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் வெளி மூடி பாதி திறந்தபடி நிற்க, எட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு சுள்ளி. மிச்ச வலையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.