எம்ஜிபி முன் பிரேக் காலிபருக்கு ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் கிட்: தாராளமாக வாங்கலாம்

என் 1972 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இங்கே இங்கிலாந்துக் குளிரில் நான்கு வருடம் கராஜிலேயே நின்றது. இந்த ஏப்ரலில் வெளியே எடுத்தால் வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது, ஐந்து மைல் ஓட்டிவிட்டு வந்து கை வைத்தால் அந்த முன் சக்கரம் மட்டும் கொதிக்கிறது. காலிபரில், அதாவது பிஸ்டன்களால் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தி சக்கரத்தை நிறுத்தும் பகுதியில், ஒரு பிஸ்டன் இறுகிப்போயிருந்தது.

பழைய லாக்ஹீட் கம்பெனி காலிபரில் இருப்பது குரோம் பூசிய இரும்புப் பிஸ்டன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வெளியிலிருந்தும் தூசியைத் தடுக்கும் ரப்பர் வழியாக ஈரம் புகும், பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்தால் போதும், துரு பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் ஸ்டெயின்லெஸ் பிஸ்டன் உள்ள கிட்டை வாங்கினேன்: இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு பிஸ்டன், ஆயில் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல், தூசி ரப்பர், அதைப் பிடிக்கும் தகடு வளையம் எல்லாம் இருந்தன.

பிஸ்டன்களின் பளபளப்பும் அளவும் அருமை, ஒரு குறையும் இல்லை. தகடு வளையம்தான் ரொம்ப மெல்லிசு. லேசாகக் கோணலாகத் தட்டியதில் ஒன்று வளைந்தே போய்விட்டது, வேறு வாங்க வேண்டியதாயிற்று. பழைய பிஸ்டனையே அடியில் வைத்து, நேராகக் கிளாம்ப் போட்டு அழுத்தினால் ஒழுங்காக உட்காருகிறது.

இறுகிய பிஸ்டனை எடுக்க இடுக்கியால் போராடாதீர்கள். ஹோஸைக் கழற்றாமல் காலிபரை மட்டும் இறக்கி, அசைகிற பிஸ்டனைக் கிளாம்பால் பிடித்துவிட்டு, பெடலை மெதுவாக மிதியுங்கள், சிக்கியது தானாக வெளியே வரும். காலிபரின் இரண்டு பாதிகளையும் பிரிக்கவே வேண்டாம், பட்டறைக் கையேடும் பிரிக்காதே என்றுதான் சொல்கிறது.

அப்புறம், பிஸ்டன் டைட்டாக இருக்கிறது என்று கிட்டைக் குறை சொல்பவர்கள் முதலில் சீல் உட்காரும் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கெட்டியாகப் படிந்திருக்கும் துருதான் சீலைப் பின்னாலிருந்து நெருக்குகிறது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பது அந்த சீல்தான், அது நெருங்கிக் கிடந்தால் பிஸ்டன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டேதான் இருக்கும். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கொக்கி ஊசியால் சுரண்டிச் சுரண்டி ஒரு காலிபருக்கே ஒரு மதியம் முழுக்கப் போனது. சுத்தம் செய்து சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவியபின் பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு! சாதாரண கிரீஸ் மட்டும் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

வலது காலிபரையும் கையோடு செய்துவிட்டேன். இப்போது நாற்பது மைல் ஓட்டிப் பார்த்தாயிற்று, வண்டி நேராக நிற்கிறது, இரண்டு முன் சக்கரமும் ஒரே சூட்டில் இருக்கின்றன.