நாளுக்கு நாலு அதிகாரம்: மக்ஷெய்ன் வேத வாசிப்பு அட்டவணை

வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிப்பவர்களில் பலர் லேவியராகமத்தில் படுத்துவிடுவார்கள். பலியும் தோஷமும் குஷ்டமுமாக நாட்கணக்கில் போகும்போது கையில் வேறெதுவும் இருக்காது. நாளுக்கு நாலு வெவ்வேறு இடங்களில் வாசிக்கவைக்கும் மக்ஷெய்ன் அட்டவணை கைகொடுப்பது அங்கேதான். ஏப்ரல் 1ஆம் தேதியைப் பாருங்கள்: லேவியராகமம் 4, சங்கீதம் 1, 2, நீதிமொழிகள் 19, கொலோசெயர் 2. பாவநிவாரணபலியை வாசித்த அன்றே, நமக்கு விரோதமான கையெழுத்தைச் சிலுவையில் ஆணியடித்த வசனமும் வந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மரே மக்ஷெய்ன் 1842இல் தம் சபைக்காகப் போட்ட கணக்கு இது. ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை முடியும். அன்றன்றைய நாலு பகுதிகளும் அட்டவணையில் நான்கு பத்திகளாக இருக்கும்; அவற்றில் இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனிஜெபத்துக்கு. இந்தப் பிரிவைப் பலர் கவனிப்பதேயில்லை. நாலையும் ஒரே மூச்சில் காலையில் முடித்துவிட்டு, மனதில் ஒன்றும் தங்கவில்லை என்பார்கள். காலையில் இரண்டு, இரவு குடும்பத்தோடு இரண்டு என்று பிரித்தால் பாரம் தெரியாது. உரக்க வாசித்தாலும் ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

பெரிய குறை, இதில் ஓய்வு நாளே இல்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் 28 பகுதி பாக்கி. அதை ஒரே சனிக்கிழமையில் தீர்க்க உட்காருகிறவர் மூன்றாவது வாரம் அட்டவணையையே மடித்து வைத்துவிடுகிறார். பாக்கியை விட்டுவிட்டு அன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள். விட்டது புதிய ஏற்பாடோ சங்கீதமோ என்றால் வருடத்தில் இன்னொரு தடவை எப்படியும் வரும். தொடர்ந்து பின்தங்கினால் இந்த வருடம் இரண்டு பத்தி, அடுத்த வருடம் மற்ற இரண்டு.

சம்பிரதாயமாக வாசிப்பது, சுயநீதி, கவனக்குறைவு, சுமக்க முடியாத நுகம் என்று இதிலுள்ள ஆபத்துகளை மக்ஷெய்னே தம் சபையாருக்கு எழுதிவைத்தார். செயலியில் டிக் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எத்தனை நாள் விடாமல் வாசித்தோம் என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றவே விரல் ஓடும், கண் ஓடாது. ஏ4 தாளில் அச்சிட்டு வேதாகமத்துக்குள் மடித்து வைப்பதே மேல். நாலு இடம் புரட்ட வேண்டியிருப்பதால் நாலு நிறத்தில் ரிப்பன் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். வேதாகமத்தோடு வரும் ஒற்றை நாடா போதாது.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு குறிப்பு: தோபித்து, யூதித்து முதலிய இணைத் திருமுறை நூல்கள் இதில் கிடையாது. அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொடங்க ஜனவரி 1க்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதியிலேயே ஆரம்பிக்கலாம். லீப் வருடத்தில் பிப்ரவரி 29க்கு எந்தப் பகுதியும் இல்லை. நாலு வருடத்துக்கு ஒரு நாள் மக்ஷெய்னும் லீவு கொடுத்திருக்கிறார்.