தையாக்கி அச்சு வாங்கலாமா, தோசைக்கல்லே போதுமா?

தையாக்கி என்பது மீன் வடிவ அச்சில் மாவு ஊற்றி, உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம் வைத்துச் சுடும் ஜப்பானியப் பலகாரம். முதல் தடவை அச்சைத் திறந்தபோது மீனின் தலை மேல் தட்டிலும் வால் கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் பூரணம் கருகிப் புகைந்தது. எண்ணெய் தடவாமல் இல்லை. ஆனால் அது செதில் வரிகளுக்குள் போய்ச் சேரவில்லை. மிச்ச மாவைத் தோசைக்கல்லில் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றி, இரண்டிரண்டாகப் பூரணம் வைத்து மூடிக் கொடுத்தேன். தட்டு காலியானது. காசு போட்டு வாங்கிய அச்சு அலமாரியில் இருக்க, தோசைக்கல் ஜெயித்தால் யாருக்குத்தான் ரோஷம் வராது? அதன் பிறகு மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் தெரிந்துகொண்டது இது.

இந்த வகை ஜப்பானியப் பலகாரங்களில் வீட்டில் செய்யத் தோதானவை மூன்று. மூத்தது இமாகவாயாக்கி. 1770களில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், காண்டா பகுதியின் இமாகவா பாலத்துக்குப் பக்கத்தில் விற்றதால் அந்தப் பெயர் என்பார்கள். தடித்த வட்டம், உள்ளே பயறு. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ஓபான்யாக்கி, கைத்தென்யாக்கி என்று. அதையே மீன் அச்சில் வார்த்தால் தையாக்கி. அசாபு ஜூபானில் 1909ல் தொடங்கிய நானிவாயா கடையைத்தான் இதன் பிறப்பிடமாகச் சொல்கிறார்கள். 'தை' என்பது விசேஷ வீட்டுக்கு வாங்கும் விலை உயர்ந்த மீன். 'மெதெதை' என்றால் மங்களம். நிஜ மீன் வாங்க முடியாதவர்களும் கையில் பிடித்துக்கொண்டு போகலாம் அல்லவா! மூன்றாவது டோராயாக்கி, இரண்டு வட்ட அப்பங்களுக்கு நடுவே பூரணம். 'டோரா' என்றால் சேகண்டி. டோரேமான் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைகளிடம் விளக்கவே வேண்டாம், அந்தப் பூனை உயிரை விடுவது இதற்குத்தான்.

மூன்றுக்கும் உயிர் பூரணம்தான். இதில் சொதப்பினால் எந்த வடிவமும் காப்பாற்றாது. அஸுகி பயறு, அதாவது ஜப்பானியர்களின் சின்னச் சிவப்புப் பயறு, 200 கிராம் எடுத்தால், ஊறவைக்க வேண்டியதில்லை. ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், துவர்ப்பு போய்விடும். புதுத் தண்ணீரில், இரண்டு விரலுக்கு நடுவே வைத்தால் தானாக நசுங்கும்வரை வேகவிட்டு, பிறகே சர்க்கரை. முன்னாடி போட்டால் பயறு விறைத்துப்போகும், எத்தனை நேரம் கொதித்தாலும் மசியாது. சர்க்கரை 180 கிராம், கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் இழுத்தால் சட்டியின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். அஸுகி கிடைக்காவிட்டால் ராஜ்மா வேண்டாம், தோல் தடிப்பு. சிவப்புக் காராமணி எவ்வளவோ மேல். அஸுகிக்கு அது சொந்தம்தான். டோக்கியோ பக்கம் விசேஷத்துக்குச் செய்யும் சிவப்புச் சோற்றில் போடுவதே காராமணியைத்தான், வெந்தாலும் தோல் வெடிக்காது என்பதால்.

இனி அச்சு. தையாக்கிக்கு மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், முட்டை ஒன்று, பால் 120 மில்லி. நாலு மீன் வரும். கலந்து அரை மணி நேரம் வையுங்கள். அச்சின் இரண்டு பக்கத்தையும் காயவைத்து, பிரஷ்ஷால் கண், துடுப்பு, செதில் என்று எல்லா இடுக்கிலும் எண்ணெய் தொட வேண்டும். பாதிக்கு மாவு, வால்வரை நீட்டிய பூரணம், மேலே மூடுகிற அளவுக்கு மாவு. மூடின கையோடு திருப்பிப் போடுங்கள். அப்போதுதான் மேல்மாவு எதிர்த் தட்டின் வரிகளுக்குள் இறங்கும். நான் முதலில் விட்டது இந்தத் திருப்பலைத்தான். ஓரத்தில் வழிந்து மொறுமொறுவென்று நிற்பதைப் பிய்த்து எறியாதீர்கள். அதற்குச் 'சிறகு' என்று பெயர் வைத்து வேண்டுமென்றே விடுகிற கடைகள் அங்கே உண்டு.

டோக்கியோவின் பழைய கடைகள் சிலவற்றில் ஒரு மீனுக்கு ஓர் அச்சு, நீளக் காம்போடு. அப்படிச் சுட்டது 'கடல் மீன்', பெரிய தட்டில் வரிசையாகச் சுட்டது 'வளர்ப்பு மீன்' என்று ரசிகர்கள் பிரித்துப் பேசுவார்கள். வீட்டுக்கு வாங்குவதானால் இரண்டு மீன் பிடிக்கிற, கேஸ் அடுப்பில் வைக்கிற அச்சுக்கே என் ஓட்டு. நான் பார்த்த எலெக்ட்ரிக் அச்சில் சூடு ஏறுவது மெதுவு. மீன் வெந்துவிடும், ஆனால் மொறுமொறுப்பு வராது. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், வெறும் அலுமினிய அச்சு அதில் சூடாகாது.

டோராயாக்கிக்கு வாங்க ஒன்றுமில்லை. முட்டை இரண்டு, சர்க்கரை 80 கிராம், தேன் ஒரு டேபிள்ஸ்பூன், மைதா 120 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன். தோசை வார்க்கிற நமக்குக் கை தடுமாறுகிற ஒரே இடம் எண்ணெய். இங்கே எண்ணெய் மினுங்கக் கூடாது. தொட்டுத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகச் சிவக்கும். காய்ந்த நான்ஸ்டிக் கல்லை ஈரத்துணிமேல் ஒரு நொடி வைத்து எடுத்தால் சூடு சமமாகும். மாவைக் கரண்டியால் தேய்க்காமல் ஒரே இடத்தில் ஊற்றுங்கள், அதுவே வட்டமாகப் பரவும். மேலே குமிழ் வந்ததும் திருப்பி, அடுத்த பக்கம் கொஞ்ச நேரம்தான். எடுத்தவற்றை ஈரத்துணியால் மூடி வைக்கவும்.

இமாகவாயாக்கியை வீட்டில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். தடிமன் அதிகம், வெளியே சிவந்தபின்னும் நடுவே மாவு பச்சையாக நிற்கும். அதற்கென்று ஆழமான வட்ட அச்சும் வேண்டும்.

ருசியில் தையாக்கி ஒரு படி மேலே, சந்தேகமில்லை. ஆனால் அதன் ஆயுசு பத்து நிமிஷம். உள்ளிருந்து வரும் ஆவியே மொறுமொறுப்பைத் தின்றுவிடும். டோராயாக்கி நேர்மாறு: மறுநாள் தேனும் பூரணத்தின் ஈரமும் இறங்கி இன்னும் மெத்தென்று ஆகிவிடும். எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் முந்தின ராத்திரியே டோராயாக்கி செய்து மூடி வைத்துவிடுவேன். இரண்டு பேர்தான், அதுவும் அடுப்படியிலேயே நின்று சாப்பிடுகிறவர்கள் என்றால், அலமாரியிலிருந்து மீனை இறக்குவேன்.